எக்தோர் லாவோ: சோகக் கதைக்கு அடியில் போன குரல்

சால்சா என்ற லத்தீன் நடன இசையின் பாடகர் எக்தோர் லாவோவைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஹெராயின், வீடு எரிந்தது, பதினேழு வயது மகன் செத்தது, ஹோட்டல் மாடியிலிருந்து விழுந்தது, எய்ட்ஸ், 46 வயதில் மரணம். எல்லாம் நடந்ததுதான். ஆனால் இதையெல்லாம் சொல்லி முடித்து, ஐயோ பாவம் என்று ஒரு பெருமூச்சும் விட்ட பிறகு, சரி, அந்த மனிதர் எப்படிப் பாடினார் என்று கேட்டால் பதில் வராது. சால்சா கேட்பவர்கள் மத்தியிலேயே இப்படித்தான் இருக்கிறது. எனக்கு இது ரொம்ப காலமாக உறுத்துகிறது. துயரப்பட்ட பாடகர்கள் உலகத்தில் நிறைய பேர் உண்டு. லாவோவைப் போலப் பாடியவர் இன்னொருவரை நான் கேட்டதில்லை. அதனால் முதலில் பாட்டைப் பேசுவோம், மற்றது அப்புறம்.

பிறந்தது 1946 செப்டம்பர் 30ஆம் தேதி, கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் தெற்குக் கரையில் இருக்கும் போன்சே நகரத்தில், மச்சுவேலோ அபாஹோ என்ற பகுதியில். வீட்டில் வைத்த பெயர் எக்தோர் ஹுவான் பெரேஸ் மார்த்தினேஸ். லாவோ என்பது பின்னால் நியூயார்க்கில் மேடைக்காக வைத்துக்கொண்டது. அப்பா கிட்டார் வாசிப்பவர், உள்ளூர்க் குழுக்களில் பாடி வந்தவர். அம்மா எக்தோர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். போன்சேயில் ஹுவான் மோரெல் காம்போஸ் என்ற பழைய இசையமைப்பாளரின் பெயரில் ஒரு இலவச இசைப்பள்ளி உண்டு, பையன் அங்கே போய்ப் படித்தான். ஆனால் அவர் குரலை உருவாக்கியது அந்தப் பள்ளிதானா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். அவர் காது வளர்ந்தது ஹீபரோ பாட்டில்.

ஹீபரோ என்றால் புவேர்ட்டோ ரிக்கோவின் மலைக்கிராமங்களில் காபியும் புகையிலையும் பயிரிட்டு வாழ்ந்த ஏழை விவசாயி. அவர்களுடைய பாட்டுக்கு முக்கியமான வாத்தியம் குவாத்ரோ, கிட்டாரைவிடச் சிறியது, ஐந்து ஜோடியாகப் பத்துக் கம்பி. பாட்டின் வடிவம் தேசிமா: பத்து அடி, அடிக்கு எட்டு அசை, எந்த அடி எந்த அடியோடு இயைய வேண்டும் என்பதற்குக் கறாரான விதி. இதை எழுதி வைத்துக்கொண்டு பாடினால் பெருமையில்லை. நின்ற இடத்தில் கட்டிப் பாட வேண்டும். போட்டிகளில் கடைசி அடியை மட்டும் கொடுத்துவிடுவார்கள், மற்ற ஒன்பது அடியையும் அந்த இடத்திலேயே கட்டி, கொடுத்த அடியில் வந்து சரியாக விழ வேண்டும். நம் புலவர்களுக்கு ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்களே, ஏறக்குறைய அதே விளையாட்டு, வாத்தியம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம். சூயித்தோ, ராமித்தோ போன்ற ஹீபரோ பாடகர்களைக் கேட்டுத்தான் லாவோ வளர்ந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1963 மே மாதம், பதினேழு வயது நிறைவதற்கு முன்பே, நியூயார்க் கிளம்பிவிட்டார். அப்பாவுக்குச் சம்மதமே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது, மூத்த மகன் ஒருவர் ஏற்கெனவே அந்த ஊருக்குப் போய் போதையில் செத்திருந்தார். அப்பாவும் மகனும் அதற்குப் பிறகு பல வருடம் மனஸ்தாபத்தோடு இருந்தார்கள். லாவோ நியூயார்க்கில் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டு, கிடைத்த குழுக்களில் பாடிக்கொண்டு இருந்தார்.

அந்த நாட்களின் நியூயார்க்கையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கியூபப் புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா அந்த நாட்டோடு உறவை முறித்துக்கொண்டதால் ஹவானாவிலிருந்து வந்துகொண்டிருந்த இசை நின்றுபோனது. கியூபாவின் சோன், குவாராச்சா, மாம்போ போன்ற இசை வகைகள் எல்லாம் தெரிந்த கலைஞர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்களில் பிறந்தவர்கள். ஊரில் ஜாஸ் இருந்தது, கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசை இருந்தது, புவேர்ட்டோ ரிக்கோவின் நாட்டுப்புற இசைகளான போம்பாவும் ப்ளேனாவும் வீட்டுக்குள் இருந்தன. இவையெல்லாம் கலந்து வந்ததற்குத்தான் பிறகு சால்சா என்று பெயர் நிலைத்தது. அந்தப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனதில் பெரிய பங்கு ஃபானியா என்ற ரெக்கார்டு கம்பெனிக்கு. 1964ல் ஜானி பச்சேக்கோ என்ற டொமினிக்கன் புல்லாங்குழல் கலைஞரும் ஜெர்ரி மசூச்சி என்ற வக்கீலும் சேர்ந்து தொடங்கியது.

அந்தக் கம்பெனியில் வில்லி கோலோன் என்ற பையன் இருந்தான். 1950ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவன், டிராம்போன் என்ற பித்தளை ஊதுகுழல் வாசிப்பவன். முதல் ஆல்பம் 'எல் மாலோ' 1967ல் வரும்போது அவனுக்குப் பதினேழு வயது, பாடிய லாவோவுக்கு இருபதோ இருபத்தொன்றோ. இரண்டே இரண்டு டிராம்போன், கரடுமுரடான சத்தம். மோன் ரிவேரா என்ற புவேர்ட்டோ ரிக்கோ பாடகரின் குழு டிராம்போனை வைத்துச் செய்ததைக் கேட்டுத்தான் கோலோனுக்கு அந்த ஆசையே வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு அது ஒழுங்கில்லாத வாசிப்பாகப் பட்டது, தெருவில் இருந்தவர்களுக்கு அது தங்கள் சத்தமாகவே கேட்டது. கோலோன் பிராங்க்ஸ் பிள்ளை, ஆங்கிலத்தில் வளர்ந்தவன், புவேர்ட்டோ ரிக்கோ அவனுக்குப் பாட்டி சொன்ன ஊர். லாவோ அந்த ஊரிலிருந்து அப்போதுதான் வந்தவர். ஒருவரிடம் நியூயார்க் இருந்தது, இன்னொருவரிடம் மலைக்கிராமத்துப் பாட்டு இருந்தது. அந்த ஏழு வருடத்து ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்று தெரியும்.

ஆல்பம் அட்டைகளில் கேங்ஸ்டர் வேஷம் போட்டுக்கொண்டார்கள். 'கோசா நுவெஸ்த்ரா'வில் கோலோன் ஆற்றங்கரையில் ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் நிற்பார், 'லா கிரான் ஃபூகா'வின் அட்டை எஃப்.பி.ஐ. தேடுகிற குற்றவாளி அறிவிப்பு மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் பாட்டைக் கேட்டால் வேறு உலகம். 'சே சே கோலே' கானா நாட்டுக் குழந்தைகள் விளையாட்டுப் பாட்டை எடுத்துச் செய்தது, ஒரு குழந்தைப் பாட்டை வைத்து நடன அரங்கத்தையே ஆட வைத்திருக்கிறார்கள். 'அகுவானிலே'யில் ஆப்பிரிக்க வழிபாட்டுச் சொற்களும் கத்தோலிக்க ஜெபமும் ஒரே மூச்சில் வரும். தோல் வாத்தியங்களுக்கு மேலே லாவோ குரலை நீட்டி இழுத்து எழுப்பும் அந்த ஆரம்பத்தை இத்தனை முறை கேட்ட பிறகும் என்னால் வேறு வேலை பார்த்துக்கொண்டு கேட்க முடிவதில்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1970 வாக்கில் வந்த 'அசால்தோ நவிதேஞோ', கிறிஸ்துமஸ் ஆல்பம். புவேர்ட்டோ ரிக்கோவில் கிறிஸ்துமஸ் காலத்து இரவுகளில் நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டு வாசலில் போய்ப் பாட்டும் வாத்தியமுமாகத் தூக்கத்தைக் கலைப்பார்கள். வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறந்து சாப்பிடக் கொடுத்துவிட்டு, அவரும் கூட்டத்தோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்குப் போவார். அந்த வழக்கத்தைத்தான் ஆல்பத்தின் பெயரே குறிக்கிறது. இதற்காக யோமோ தோரோ என்ற குவாத்ரோ கலைஞரைக் கூட்டிவந்தார்கள். நியூயார்க் டிராம்போனுக்கு நடுவில் ஹீபரோவின் கம்பி வாத்தியம். 'லா முர்கா'வின் தொடக்கத்தைக் கேளுங்கள், பனாமாவின் திருவிழாவைப் பற்றிய பாட்டு அது, டிராம்போன்களும் யோமோ தோரோவின் விரல்களும் சேர்ந்து ஓடும்போது எந்த ஊர்ப் பாட்டு இது என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த ஆல்பத்தில் லாவோ பாடுவதைக் கேட்டால் வீட்டுக்குத் திரும்பி வந்தவர் பாடுவது போல இருக்கும். இன்றும் டிசம்பர் வந்தால் அந்தத் தீவில் இந்தப் பாட்டுகள் ஒலிக்காமல் இருக்காது.

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோருக்கு சால்சா என்றால் நடனம்தான் ஞாபகம் வரும், பளபளக்கும் உடையும் சுழற்சியும். பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அடியில் ஓடுவது கிளாவே, இரண்டு அளவுகளில் ஐந்து தட்டு, ஒரு பக்கம் மூன்று, இன்னொரு பக்கம் இரண்டு. அந்த ஐந்து தட்டு எல்லா நேரமும் காதில் கேட்க வேண்டும் என்றில்லை, ஆனால் வாசிக்கிற அத்தனை பேர் உடம்பிலும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டின் முதல் பாதி எழுதி வைத்த கதை, அதை யார் வேண்டுமானாலும் ஒழுங்காகப் பாடிவிடலாம். இரண்டாம் பாதிக்குப் பெயர் மோந்துனோ. பியானோ ஒரு சின்ன உருவைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், பின்பாட்டுக்காரர்கள் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள், அதுதான் கோரோ. இரண்டு கோரோவுக்கு நடுவில் கிடைக்கும் சில நொடி இடைவெளியில் பாடகர் புதிதாக ஒரு வரி கட்டிப் போட வேண்டும், அதுதான் சோனேயோ. அந்த வரி கதையோடு ஒட்ட வேண்டும், இயைபு விழ வேண்டும், கிளாவேயை மிதிக்கக் கூடாது, கோரோ திரும்பி வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவரைத்தான் சோனேரோ என்பார்கள். இனிமையான குரல் இருக்கிற பாடகர்கள் நிறைய பேர் இந்த இடத்தில் வந்து விழுந்திருக்கிறார்கள்.

லாவோ இந்த இடத்தில்தான் எழுந்து நிற்பார். ஹீபரோ பாட்டில் பத்து அடியை நின்ற இடத்தில் கட்டிப் பழகிய மரபு அவர் காதில் இருந்தது என்று சொன்னேன் இல்லையா, அது இங்கேதான் வேலை செய்கிறது. கோரோ முடிந்ததும் உடனே பாய மாட்டார். கொஞ்சம் விடுவார். இனி வரியை முடிக்கவே நேரம் இல்லை என்று நமக்குப் பதற்றம் வருகிற கணத்தில் உள்ளே வந்து, சொற்களை நெருக்கி அடுக்கி, கடைசி அசையை இருக்க வேண்டிய தட்டில் கொண்டுபோய் வைப்பார். நடுவில் பியானோக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், யாரையோ கிண்டல் செய்வார், ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பார், அந்தச் சிரிப்பும் தாளத்தில்தான் விழும். குரல் மெல்லியது, உயரமானது, லேசாக மூக்கில் ஒலிப்பது. அந்த டிராம்போன் இரைச்சலுக்கு மேலே இவ்வளவு மெல்லிய குரல் எப்படி நிற்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும், ஆனால் திறந்த வெளியில் தூரத்துக்குக் கேட்கப் பாடிய மலைப் பாடகர்களின் குரலும் அப்படிப்பட்டதுதான். சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு எழுத்துகூடக் கரையாது. எனக்கு ஸ்பானிஷ் பேச வராத காலத்திலேயே அவர் பாட்டில் எங்கே ஒரு சொல் முடிந்து இன்னொரு சொல் தொடங்குகிறது என்று கேட்க முடிந்தது.

1971 ஆகஸ்ட் 26ஆம் தேதி மன்ஹாட்டனில் சீட்டா என்ற கிளப்பில் ஃபானியா கம்பெனியின் கலைஞர்கள் சேர்ந்த ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் குழு வாசித்தது படமாகவும் ரெக்கார்டாகவும் இருக்கிறது. அதில் 'கித்தாத்தே து' என்றொரு பாட்டு, நீ நகரு, நான் நிற்கிறேன் என்பதுதான் அதன் கோரோ. கம்பெனியின் பெரிய பாடகர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சோனேயோ போடுவார்கள், சேயோ ஃபெலிசியானோ, பீட் எல் கோந்தே, இஸ்மாயேல் மிராந்தா என்று பெரிய வரிசை. அந்தக் கூட்டத்தில் வயதில் சின்னவர்களில் ஒருவர் லாவோ. பயம் என்பது கொஞ்சமும் இல்லாமல், கையில் மைக்கோடு, கூட்டத்தோடு பேசுகிற மாதிரி பாடிவிட்டுப் போவார். இரண்டு வருடம் கழித்து, 1973 ஆகஸ்ட் 24ஆம் தேதி நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் அதே குழு வாசித்தபோது நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம், ஜனங்கள் தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிவந்ததால் கச்சேரி பாதியில் நின்றது. அடுத்த வருடம் ஜயீரின் (இன்றைய காங்கோ) கின்ஷாசாவில், முகமது அலி-ஃபோர்மன் குத்துச்சண்டையை ஒட்டி நடந்த இசை விழாவில் கியூபப் பாடகி செலியா க்ரூஸோடு இவரும் இருந்தார். ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாத பெருங்கூட்டத்தின் முன்னால் அங்கே அவர் 'மி ஹெந்தே' பாடுவதைப் பார்க்கலாம். என் ஜனங்களே என்று அழைக்கும் பாட்டு, பச்சேக்கோ எழுதியது. அழைப்பு என்றால் அது அழைப்பு. கூட்டம் பதில் சொல்லும் வரை அவர் விடுவதில்லை.

ஆனால் 1973லேயே கோலோனும் அவரும் பிரிந்துவிட்டார்கள். 'லோ மாத்தோ' என்ற ஆல்பம் வந்த சமயம் அது, 'எல் தியா தெ மி சுவெர்த்தே', 'தொதோ தியேனே சு ஃபினால்' இரண்டும் அதில்தான் இருக்கின்றன. லாவோ போதைக்கு அடிமையாகியிருந்தார், நேரத்துக்கு வருவதில்லை, சில நாள் வருவதே இல்லை. நான் தாமதமாக வரவில்லை, நீங்கள்தான் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார் என்பது பிரபலமான கதை, ரசிகர்கள் அதைச் செல்லமாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அதைச் செல்லமாகப் பார்க்க முடியவில்லை. மேடையில் ஒரு டஜன் பேர் வாத்தியத்தோடு காத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் வீடு உண்டு, வாடகை உண்டு. கோலோன் குழுவை அவரிடமே விட்டுவிட்டு விலகினார். ஆனாலும் தயாரிப்பாளராகக் கூடவே இருந்தார். 1975ல் வந்த லாவோவின் முதல் தனி ஆல்பம் 'லா வோஸ்' கோலோன் தயாரித்ததுதான். அதில் 'ரோம்பே சாராகுவே' பாட்டில் மார்க் டைமண்ட் வாசிக்கும் பியானோ சோலோவைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

1976ல் 'பெரியோதிகோ தெ ஆயேர்' வந்தது. எழுதியவர் தீத்தே குரேத் அலோன்சோ, பல வருடம் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சால்சாவின் மிகச் சிறந்த பாட்டுகளை எழுதிக்கொண்டிருந்தவர். உன் காதல் நேற்றைய செய்தித்தாள், காலையில் பரபரப்பு, மதியத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி, மாலையில் யாரும் தொடாத காகிதம் என்று போகும் பாட்டு. இன்னொருவர் பாடியிருந்தால் இது பழி தீர்க்கும் பாட்டாக ஆகியிருக்கும். லாவோ அதைப் பாடுவதில் வஞ்சம் இல்லை. காயம் ஆறிப்போன ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிற மாதிரி இருக்கும், அந்தச் சிரிப்பில்தான் காயம் இருந்ததே தெரியும்.

அடுத்த வருடம் மனநிலை மோசமாகி மேடையை விட்டே கொஞ்ச காலம் விலகியிருந்தார். திரும்பி வந்தபோது 1978ல் 'எல் காந்தாந்தே', பாடகன் என்று அர்த்தம். இதை எழுதியவர் பனாமா நாட்டுப் பாடகர் ரூபென் பிளேட்ஸ், தானே பாடுவதற்காக வைத்திருந்தார், கோலோன் கேட்டுக்கொண்டதால் லாவோவுக்குக் கொடுத்தார். தெருவில் பார்க்கிறவர்கள் உனக்கென்ன குறை என்கிறார்கள், நான் அழுகிறேனா என்று யாரும் கேட்பதில்லை என்று ஒரு பாடகன் சொல்லும் பாட்டு. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும், வயலின்களோடு கோலோன் செய்த அமைப்பு. இது வந்த பிறகு லாவோவின் பெயரோடு இந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டது, அவருடைய வாழ்க்கையே இதுதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. இது இன்னொருவர் எழுதிய பாட்டு. லாவோ அதைத் தன் பாட்டாக ஆக்கியது தன் சோகத்தை அதில் கொட்டியதால் இல்லை, எப்படிப் பாட வேண்டுமோ அப்படிப் பாடியதால். முதல் பாதியில் குரலை அடக்கி வைத்திருக்கிறார், அழுகிற வரியில்கூட அழுவதில்லை. மோந்துனோ வந்ததும் திறக்கிறார். எங்கே அடக்க வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு தேர்ந்த கலைஞனின் முடிவுகள் அவை. நொந்துபோன மனிதன் தன் மனதை அப்படியே திறந்து வைத்தான் என்று சொன்னால் அந்த உழைப்பை நாம் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

'எல் தியா தெ மி சுவெர்த்தே'க்கும் இதே கதிதான். அம்மாவை இழந்த பையன், பிறகு தனிமை, சிறை, என் அதிர்ஷ்ட நாள் சீக்கிரம் வரும் என்று திரும்பத் திரும்ப வரும் கோரோ. பின்னால் நடந்ததையெல்லாம் இவர் முன்கூட்டியே பாடிவிட்டார் என்று சொல்வார்கள். 1973ல் அந்தப் பாட்டுக்கு ஜனங்கள் ஆடினார்கள், பாடிய ஆளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அதை அப்படியும் ஒரு முறை கேட்க வேண்டும்.

தென் அமெரிக்காவில் அவருக்கு இருந்த இடம் தனி. கொலம்பியா, வெனிசுவேலா, பனாமா, எல்லாவற்றுக்கும் மேல் பெரு. லிமாவை ஒட்டி கயாவோ என்ற துறைமுக ஊர் இருக்கிறது, கப்பல்காரர்கள் கொண்டுவந்த ரெக்கார்டுகளில் சால்சா கேட்டுப் பழகிய ஊர். 1986ல் லிமாவில் ஃபேரியா தெல் ஓகார் என்ற பொருட்காட்சியில் லாவோ பாடினார், அந்த இரவுகளின் வீடியோ இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கயாவோவின் சுவர்களில் இன்றும் அவர் முகம் இருக்கிறது.

அடுத்த வருடம் எல்லாம் சேர்ந்து வந்தது. நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருந்த அவர் வீடு தீப்பிடித்தது. 1987 மே மாதம் அவர் மகன் ஒரு நண்பன் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்துச் செத்தான். 1988 ஜூன் மாதம் புவேர்ட்டோ ரிக்கோவின் பயமோனில் ஒரு கச்சேரி, டிக்கெட் சரியாக விற்கவில்லை, நடத்துபவர்கள் ரத்து செய்தார்கள், காசு கொடுத்து வந்தவர்களுக்காக நான் பாடுவேன் என்று லாவோ மேடை ஏறிப் பாடினார். மறுநாள் சான் ஹுவானில் தங்கியிருந்த ஹோட்டலின் மாடியிலிருந்து குதித்தார், பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார். ஏற்கெனவே எச்.ஐ.வி. தொற்றும் இருந்தது. 1990ல் நியூ ஜெர்சியில் ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் மேடையில் 'மி ஹெந்தே' பாட அவரைக் கூட்டிவந்தார்கள், குரல் வரவில்லை. 1993 ஜூன் 29ஆம் தேதி மன்ஹாட்டனில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். பிராங்க்ஸ் கல்லறைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், வழியெல்லாம் ஜனங்கள் அவர் பாட்டுகளைப் பாடிக்கொண்டே போனார்கள். 2002ல் மனைவி புச்சியும் இறந்த பிறகு, மூவரையும், அவர், மனைவி, மகன், போன்சேக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

இதற்கு மேல் அந்தப் பகுதியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. 1999ல் நியூயார்க்கில் அவர் கதை நாடகமாக வந்தது, 'லாவோவைக் கொன்றது யார்' என்பதுதான் அதற்குத் தலைப்பே. 2006ல் பாடகர்கள் மார்க் ஆன்டனியும் ஜெனிஃபர் லோபஸும் நடித்த படம் வந்தது. மார்க் ஆன்டனி அதில் பாடியிருப்பது நன்றாகவே இருக்கிறது, அந்தப் படத்தால் இளைய தலைமுறை 'அகுவானிலே' கேட்டது என்பதும் உண்மை. ஆனால் படத்துக்கு ஆலோசகராக இருந்த வில்லி கோலோனே பின்னால் அதைக் கடுமையாகக் குறை சொன்னார். போதையைத்தான் காட்டியிருக்கிறார்கள், அந்த மனிதனின் திறமையையும், இசைக்கு அவன் செய்ததையும் காட்டவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம். கூட இருந்து பார்த்தவர் சொல்கிறார், எனக்கு அது போதும்.

அவர் விட்டுப்போனது என்ன என்று கேட்டால், பிறகு வந்த சோனேரோக்களிடம் கேட்டுப் பார்க்கலாம். வார்த்தையைத் தாளத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்து விடுகிற அந்த வித்தை, கூட்டத்தோடு பேசுகிற மாதிரி பாடுவது, நடுவில் வரும் கிண்டல், இதெல்லாம் இன்று புவேர்ட்டோ ரிக்கோ பாடகர்களின் பொதுச் சொத்து. அதைவிடப் பெரியதாக எனக்குப் படுவது ஒன்று உண்டு. ஹீபரோ என்றால் நாட்டுப்புறத்தான், படிக்காதவன் என்று நகரத்தில் வசைச் சொல்லாகப் புழங்கிய காலம் அது. தன்னைத் தானே ஹீபரோ என்று சொல்லிக்கொண்டு, அந்த மூக்கொலியை மறைக்காமல், நியூயார்க்கின் மிக நவீனமான வாத்தியக் குழுவுக்கு முன்னால் நின்றார் லாவோ. பனிக்குளிரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 'எல் காந்தாந்தே'யிலிருந்து தொடங்க வேண்டாம், அது பிறகு வரட்டும். 'லா முர்கா'வில் ஆரம்பியுங்கள், அப்புறம் 'சே சே கோலே', அப்புறம் 'பெரியோதிகோ தெ ஆயேர்'. வரிகளின் அர்த்தத்தைத் தேடி முதல் முறையே ஓட வேண்டாம். பாட்டின் பாதியில், திரும்பத் திரும்ப ஒரே வரியைப் பாடுகிற கூட்டுக்குரல் எப்போது தொடங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். அது தொடங்கியதும் இடைவெளிகளில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், எவ்வளவு நேரம் சும்மா விடுகிறார், எங்கே வந்து சேர்கிறார் என்று. கின்ஷாசா 'மி ஹெந்தே'யை மட்டும் வீடியோவாகவே பாருங்கள், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பாடுவதில் அந்த மனிதருக்கு இருந்த சந்தோஷம் அதில் அப்படியே இருக்கிறது.